ரிப்போர்ட் பண்ணுவேன், சார்

கரும்பலகையில் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு விசில் ஊதுவேன். அதைப் பார்த்ததும் மனசில் எழுவதை 15 வினாடிக்குள் ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். மறுபடி விசில், அடுத்த சொல். இப்படி 60 சொல். 'கயிறு' என்று போட்டால் ஒரு நாயக் எழுதுவான்: "கயிற்றை குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்." 'இரவு' என்றால், "இரவில் சென்ட்ரி தூங்கக் கூடாது." 'தலைவர்' என்றால், "தலைவர் சொன்னதைக் கேட்க வேண்டும்." அறுபதையும் வாசித்து முடித்தால் அவன் எவ்வளவு நல்ல ஜவான் என்று தெரிந்துவிடும். ஆபீசர் தேர்வில் அவன் ஏன் தேறமாட்டான் என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும்.

இந்திய ராணுவத்தின் கல்விப் பிரிவில் ஹவில்தாராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். பச்மடியில் பயிற்சி, அதன்பிறகு அனுப்பிய இடமெல்லாம் போனேன். ஜவான்களுக்கு மேப் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, ரெக்ரூட்டுகளுக்கு இந்தி சொல்லிக்கொடுப்பது, ராணுவக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தயார் செய்வது, இவைதான் எங்கள் வேலை. எல்லாரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்கால விளையாட்டு முடிந்து ரோல் கால் ஆகும்வரை கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏ.சி.சி.க்கு எழுதும் பையன்களோடு உட்கார்வேன். சர்வீஸில் மனசுக்குப் பிடித்துச் செய்த வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஏ.சி.சி. என்பது ஆர்மி கேடட் காலேஜ். சிப்பாயாகச் சேர்ந்தவன் ஆபீசராவதற்கு உள்ள வழி. இன்றைய விதிப்படி 20 முதல் 27 வயது, குறைந்தது 2 வருட சர்வீஸ், பிளஸ் டூ தேர்ச்சி. முதலில் எழுத்துப் பரீட்சை. அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்கிற 5 நாள் தேர்வு வாரியம், அப்புறம் மெடிக்கல். எல்லாம் தாண்டினால் டேராடூனில் 3 வருடம் படித்து ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், மேலும் ஒரு வருடம் மிலிட்டரி அகாடமிப் பயிற்சி, பிறகு தோளில் 2 நட்சத்திரம். இது புது ஏற்பாடு ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் 1929-லேயே நவ்காங்கில் கிச்சனர் காலேஜ் என்று தொடங்கியதுதான் மூலம். 1960-இல் புனேயில் இன்றைய பெயரோடு வந்தது. 1977-இல் டேராடூனுக்குப் போனது.

நான் பிறந்தது இலங்கையில், எல்லயில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தாத்தா பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். அப்பாவும் அம்மாவும் மலையில். தோட்டத்தில் யார் எங்கே குடியிருக்கிறார் என்று பார்த்தாலே அவர் யார் என்று தெரியும். உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே சின்னத்துரை. டீமேக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை குவாட்டர்ஸ்களில் இருப்பார்கள். கங்காணி லயத்தில்தான், ஆனால் தொங்கல் காம்பரா. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். கொழுந்தெடுக்கிறவள் மகன் படித்தால் கணக்கப்பிள்ளை ஆகலாம், மிஞ்சிப்போனால் கண்டக்டர். துரையாவதற்கு லயத்திலிருந்து வழி கிடையாது. துரை வெளியிலிருந்துதான் வருவார். 'கிரீப்பர்' என்று பயிற்சிக்கு வந்து இறங்கும் இருபது வயதுப் பையனைப் பார்த்து, முப்பது வருடம் கவ்வாத்து வெட்டிய கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்.

எல்லயிலிருந்து கோச்சியில் ஏறினால் ஹீல்ஓயா, கினிகம, பண்டாரவளை, அப்புறம் தியத்தலாவை. அப்புத்தளையில் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தியத்தலாவையில் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். பச்சைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆமிக்காரர்கள் இறங்குவார்கள். 1900-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து போயர் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைக்கப்பட்ட நாளிலிருந்தே அது பட்டாள ஊர். 1949-இல் இலங்கை ராணுவம் உருவானது. அடுத்த வருடமே ரெக்ரூட் பயிற்சி டிப்போவை அங்கே போட்டார்கள். ஆபீசராகப் போகிறவர்களை மட்டும் முதலில் இங்கிலாந்துக்கு, சாண்ட்ஹர்ஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். 1960-களின் கடைசியில் கேடட் பயிற்சியும் தியத்தலாவைக்கே வந்தது. 1981-இல் அந்த இடத்துக்கு இலங்கை மிலிட்டரி அகாடமி என்று பேர் வைத்தார்கள்.

ஆபீசர் என்று ஒருவரை நான் பக்கத்தில் நின்று பார்த்தது 1971 ஏப்ரலில். 5-ஆம் தேதி விடியற்காலையில் கிளர்ச்சிக்காரர்கள் முதலில் அடித்த இடம் எல்லயிலிருந்து மலையிறங்கினால் வரும் வெல்லவாய பொலிஸ் ஸ்டேஷன். அதற்கடுத்த நாட்களில் எங்கள் ரோட்டில் ஆமி லொறி ஓயாது. ஒரு லொறி தோட்டத்துக்குள் திரும்பி இஸ்டோர் முன்னால் நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கி விறைப்பாக நிற்க, முகத்தில் இன்னும் சரியாக மீசை கட்டாத ஒரு பையன் அவரிடம் எங்கே யாரை நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அதில் வியக்க எதுவுமில்லை. இங்கேயும் துரையும் கங்காணியும்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நரைமீசைக்காரரும் ஒரு காலத்தில் மனுப் போட்டு ஆபீசர் பக்கம் வந்திருக்கக்கூடிய ஒரு வழி உலகத்துப் பட்டாளங்களில் உண்டென்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆனது.

தெரிந்திருந்தாலும் தியத்தலாவை எங்களுக்கில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அரசாங்கக் கந்தோரில் பியோன் வேலைக்கே போக முடியாதவனுக்குப் பட்டாளம் ஏது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அக்காவைக் கட்டியவர் வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார்கள், அப்பா இந்தியாவுக்கு. ஆகவே அக்கா எல்லயில் தங்கினாள், நாங்கள் 1970-களின் நடுவில், பஞ்சத்தில் பாண் கியூ நீண்டு கிடந்த காலத்தில், தலைமன்னாரில் கப்பலேறினோம். மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் அம்மா மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினாள். ஊட்டி அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்த கையோடு வெலிங்டனில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றேன். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்டின் ஊர். பனி, தேயிலை, மலைமேல் பாரக். அங்கே போய் நின்றபோது தியத்தலாவைக்கு வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

வேலைக்கு வருகிறேன்.

ஆபீசர் மனுப் போடும் ஜவானுக்குப் படிப்புதான் தடை என்று வெளியில் நினைக்கிறார்கள். படிப்பு தடைதான், அதில் பாதி ஆங்கிலம். ஆனால் ஆங்கிலத்தை ஏற்றிவிடலாம். தினமும் ஒரு பக்கம் பேப்பர் வாசிக்க வைத்து, வாசித்ததை மூடிவைத்துச் சொல்ல வைத்தால் ஆறு மாதத்தில் எழுத்துப் பரீட்சை அளவுக்கு வந்துவிடும். தென்காசிப் பையனுக்கும் ரோத்தக் பையனுக்கும் அதில் ஒரே பாடுதான். நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். காலையில் பி.டி., பரேட், அப்புறம் கம்பெனியில் ஏதாவது வேலை, ராத்திரி சென்ட்ரி. லைட்ஸ் அவுட்டுக்கு மேல் பாரக்கில் விளக்குப் போட முடியாது. கழிவறைப் பக்கம் எரியும் பல்பின் கீழே ஸ்டூலைப் போட்டுப் படித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். மனு கம்பெனி கமாண்டர் வழியாக கமாண்டிங் ஆபீசர் கையெழுத்துக்குப் போக வேண்டும். நல்ல ஜவானை விட எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. நல்ல கமாண்டர்கள் விட்டார்கள். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய தடை எஸ்.எஸ்.பி.யில்தான் வெளிப்படும். போபால், அலகாபாத், பெங்களூர் என்று வாரியங்கள். இரண்டாம் நாள் மனோதத்துவச் சோதனை. மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டி, 4 நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். 11 படம், கடைசியில் ஒன்றுமே இல்லாத ஒரு வெள்ளைத் தாள். நான் பயிற்சிக்கு எழுத வைத்த கதைகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒருவன் ஆற்றங்கரையில் நிற்பான், வெள்ளம் வரும், ஊருக்கு ஆபத்து. அப்புறம்? "உடனே அவன் ஓடிப்போய் அதிகாரியிடம் தகவல் சொன்னான். அதிகாரி வந்து எல்லாரையும் காப்பாற்றினார்." கதாநாயகன் ஓடுவதோடு அவன் பங்கு முடிந்துவிடும். வெள்ளைத் தாளுக்கு எழுதிய கதையிலும் எங்கிருந்தோ ஒரு ஆபீசர் வந்துவிடுவார்.

அப்புறம், தொடக்கத்தில் சொன்ன அறுபது சொல். அது முடிந்ததும் 30 நிமிடத்தில் 60 இக்கட்டுகள். ராத்திரி ரயிலில் போகிறீர்கள், பக்கத்துப் பெட்டியில் தீ. என்ன செய்வீர்கள்? "கார்டுக்கு ரிப்போர்ட் பண்ணுவேன், சார்." காட்டில் வழி தவறிவிட்டது? "செக்ஷன் கமாண்டருக்கு ரிப்போர்ட் பண்ணுவேன், சார்." அவர்தான் தொலைந்து போனார் என்று வைத்துக்கொள்? பையன் என்னைப் பார்த்து முழிப்பான்.

அவனைக் குறை சொல்லி என்ன. ரெக்ரூட்டாக வந்த நாளிலிருந்து அவனாக எதையும் செய்யாமல் இருக்கத்தான் பழக்கியிருக்கிறோம். தகவல் மேலே போக வேண்டும், உத்தரவு கீழே வர வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டாளம் நடக்காது. அப்படிப் பழக்கிய அதே பட்டாளம் ஐந்து நாளைக்கு அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்கிறது. எனக்கு இது புதிசில்லை. தோட்டத்தில் கொழுந்து மலையில் குளவி கொட்டினால்கூட முதலில் கங்காணியைத்தான் கூப்பிடுவார்கள். கொட்டு வாங்கியவளை நிழலுக்குத் தூக்கிப் போவதற்கும் அவர் வந்து சொல்ல வேண்டும். பயமோ மந்தமோ காரணமில்லை. தானாகச் செய்து பேர் வாங்கியவனை யாரும் பார்த்ததில்லை, தானாகச் செய்து ஏச்சு வாங்கியவனை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் என் வகுப்பில் 'ரிப்போர்ட்' என்ற சொல்லைத் தடை செய்யவில்லை. ரிப்போர்ட் பண்ணு, ஆனால் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் உன் கை என்ன செய்தது என்பதை முதலில் எழுது. இந்த ஒரு வரியைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக் கொண்டிருந்தேன். கடைகளில் விற்கிற எஸ்.எஸ்.பி. கைடுகளில் அறுபது சொல்லுக்கும் அறுபது அழகான வாக்கியம் இருக்கும். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவான். வாசிக்கிற மனோதத்துவ நிபுணர் அதே வாக்கியத்தை முந்தின பேட்சிலும் வாசித்திருப்பார். அந்தக் கைடுகளால் பிழைத்தது புத்தகக் கடைக்காரர் மட்டும்தான்.

மைதானச் சோதனைக்கு நாங்களே ஒரு மைதானம் போட்டோம். டீசல் டிரம், லங்கருக்கு, அதாவது சமையலறைக்கு வந்த விறகில் நேரான கட்டைகள், ஒரு பலகை, நாலு பாகக் கயிறு. சிவப்புப் பூசிய இடத்தை யாரும் தொடக் கூடாது, சாமானும் தொடக் கூடாது. சோதனையில் 'கமாண்ட் டாஸ்க்' என்று ஒன்று. ஒருவனைத் தலைவனாக்கி, அவன் குழுவிலிருந்து 2 பேரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வாரியத்தில் ரேங்க் கிடையாது, மார்பில் நம்பர் மட்டும். ஆனாலும் அங்கே இருப்பவர்களில் யார் சிப்பாய், யார் ஹவில்தார் என்று மற்றவனுக்கு மணம் பிடித்துவிடும். சிப்பாய் தலைவனாகிறான்; ஹவில்தாரைத் துணைக்குக் கூப்பிடக் கூச்சப்படுகிறான். கூப்பிட்டாலும் "உஸ்தாத், பலகையைக் கொஞ்சம்…" என்று இழுப்பான். பிறகு பொறுக்காமல் தானே பலகையைத் தூக்கிக்கொண்டு தானே தாண்டிப் போய்விடுவான். உடம்பு வணங்காத பையன் ஒருத்தனும் இல்லை, அதுதான் இங்கே கேடு. நான் ஒரு தந்திரம் செய்தேன். தலைவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டேன். இனி வாயால்தான் பாலம் கட்ட வேண்டும். முதல் நாள் பாதிப்பேர் நின்றே விட்டார்கள். ஒரு வாரம் போனதும், "ஏழாம் நம்பர், நீங்க மறுபக்கம் போய் முடிச்சைப் போடுங்க" என்று ஒரு லான்ஸ் நாயக் தன் சொந்த ஹவில்தாரைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். ஹவில்தார் போய் முடிச்சைப் போட்டார்.

பேட்டிக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அப்பா தொழில், அம்மா தொழில், வருமானம், படித்த பள்ளிக்கூடம். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் அப்பா தொழிலில் 'அரசு ஊழியர்' என்று எழுதியிருந்தான். விசாரித்தால் எங்களைப் போலவே சிலோன் குடும்பம், அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பொய் என்றும் சொல்ல முடியாது. "எந்த இலாகா, என்ன கிரேடு, எந்த ஆபீஸ் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள், என்ன சொல்வாய்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "தோட்டத் தொழிலாளி என்று எழுது. கொழுந்தெடுப்பதைப் பற்றி அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு உன்னைவிடத் தெரியாது."

எழுதினான். பேட்டியில் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, மழையில் விலை ஏன் மாறுகிறது, பச்சைக்கொழுந்து எத்தனை கிலோவுக்கு ஒரு கிலோ தூள், நீ மேனேஜராக இருந்தால் முதலில் எதை மாற்றுவாய். இரண்டு இலை ஒரு மொட்டு தொடங்கி வாட்டுகிற தட்டுவரை சொல்லிவிட்டு, கடைசிக் கேள்விக்கு, "நிறுக்கிற இடத்தை மலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவேன் சார், கூடையோடு நடக்கிற நேரத்தில் இன்னும் இரண்டு கிலோ எடுக்கலாம்" என்றானாம். திரும்பி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது முகத்தில் கவலை. மேனேஜரை எதிர்த்துப் பேசிவிட்டோமோ என்று. அந்த வாரியத்தில் தேர்வானவர்களில் அவன் ஒருவன்.

தேறாதவர்கள் கதை வேறு, அவர்கள்தான் அதிகம். கான்ஃபரன்ஸ் முடிந்து நம்பரை வாசிப்பார்கள், வாசிக்காத நம்பர்காரர்கள் பெட்டியைக் கட்டி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். காலேஜ் பையன் தேறாவிட்டால் வீட்டுக்குப் போவான். ஜவான் பாரக்குக்குத் திரும்ப வேண்டும். அங்கே பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து நின்று பொய்ச் சல்யூட் அடிப்பான். "சாப் வந்துட்டார், டீ கொண்டா" என்பார்கள். கேலிதான், ஆனால் மாதக்கணக்கில் நடக்கும். ஒரு யூனிட்டில் ஒரு மேலாள், மனுப் போட்ட பையனுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் புல் வெட்டுகிற ஃபட்டீக் போட்டார். கேட்டால் ரோஸ்டர்படி என்பார். இதற்குத் தயார் செய்வதும் என் பாடத்தில் உண்டு. திரும்பி வந்த அன்றைக்கே வகுப்புக்கு வரச் சொல்வேன். அடுத்த பேட்சுக்கு விசில் ஊதுகிற வேலையை அவனிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த தடவை தேறியவர்களும் உண்டு, வயது தாண்டிப்போய் நல்ல சுபேதாரானவர்களும் உண்டு. 28 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு ஸ்பெஷல் கமிஷன் என்று இன்னொரு வழி பின்னால் வந்தது; பலருக்கு அது உதவியது.

தேறியவனுக்கும் கணக்கு இருக்கிறது. 27 வயதில் டேராடூனுக்குப் போகிறவன் லெப்டினன்டாகும்போது 31. பள்ளி முடித்து நேராக நேஷனல் டிஃபென்ஸ் அகாடமிக்குப் போய், அவனோடு பரேட் பண்ணி வெளியே வருகிற பையனுக்கு 21, 22. ஓய்வு வயது இருவருக்கும் அந்தந்த ரேங்கில் ஒன்றுதான், ஆகவே உயரத்துக்கு ஒரு எல்லை தானாக விழும். இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு மனுவை மடித்து வைத்தவர்களைக் கோழை என்று நினைத்ததில்லை. கல்யாணமாகி ஒரு குழந்தையோடு இருப்பவன் நாலு வருடம் மறுபடி கேடட்டாக ஓட வேண்டுமா என்று யோசிப்பது நியாயம். ஆனால் மேலே போகவே முடியாது என்று யாராவது சொன்னால் மூசாவைச் சொல்வேன். 1932 அக்டோபரில் டேராடூன் அகாடமி 40 பேரோடு தொடங்கியது. முதல் பேட்சில் மானெக்‌ஷா இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே பேட்சில் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்த முகமது மூசாவும் இருந்தார். 1965 போரில் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி அவர்தான். "எதிரிப் பட்டாளமா மாஸ்டர்?" என்று முகம் சுளிப்பார்கள். டேராடூன் தயாரித்த ஆள்தானடா என்பேன்.

வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜும் உண்டு. வெளிநாட்டு ஆபீசர்கள் படிக்க வருவார்கள். ஒருமுறை பஜாரில் இலங்கை மேஜர் ஒருவர் உல்லன் கடையில் விலை கேட்டுக்கொண்டிருந்தார். சல்யூட் அடித்துவிட்டு, மறந்துபோன அரைகுறைச் சிங்களத்தில் நான் எல்ல என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கேடட்டாகத் தியத்தலாவையில் பட்ட குளிரைப் பற்றி நடுரோட்டில் நின்று பேசினார். நானும் அந்த ஸ்டேஷனைப் பற்றிப் பேசினேன். இலங்கையில் நடந்த போரைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அக்காவைப் பார்க்க எல்லக்குப் போய்வருகிறேன். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது. அக்கா பேரன் இப்போது பொலிஸில் கான்ஸ்டபிள். சப் இன்ஸ்பெக்டர் சோதனைக்குப் படிக்கிறான். லயத்துக்கு மேலே, வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்துபோகும் பாதையோரம் உட்கார்ந்துதான் படிப்பு. போன முறை ஒரு நோட்டில் இக்கட்டுகளை எழுதிக் கொடுத்தேன், இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி.

"பாலத்துமேலே கோச்சி போகுது. டூரிஸ்ட் பிள்ளை ஒருத்தி போட்டோவுக்காக வாசல்ல வெளியே தொங்குறா. கை வழுக்குது. நீ பக்கத்துல நிக்கிற."

"தெமோதரை ஸ்டேஷன் மாஸ்டருக்கு அறிவிப்பேன், தாத்தா."

"அவரு தெமோதரையில இருக்காரு. பிள்ளை இங்க தொங்குது."

யோசித்தான். "கையப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்துப் போடுவேன். ஆனா தாத்தா, வெள்ளைக்காரிய கையப் பிடிச்சு இழுத்தா கம்ப்ளைன்ட் வரும்."

"வரட்டும். அதுக்கு நீ என்ன பதில் எழுதுவ?"

"உயிரோட இருக்கிறதாலதான் கம்ப்ளைன்ட் குடுக்கிறா சேர், என்னு எழுதுவேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினேன். அரை நிமிடத்தில் முடிக்க வேண்டியதற்கு அஞ்சு நிமிடம் எடுத்திருந்தான். அடுத்ததை வாசிக்கச் சொன்னேன்.